எடையைக் கழற்றினால் வேகம் வருமா?

சின்னக் காரைச் சீற வைக்க எஞ்சினைத் தொட வேண்டாம், கிலோவைக் குறைத்தால் போதும் என்பது பந்தயக்காரர்களின் பழைய சூத்திரம். பாறசாலை எல்லையில் வைத்துப் பார்த்தால், இயற்பியலில் தேறும் அந்தச் சூத்திரம் சாலையிலும் சட்டத்திலும் தடுமாறுகிறது.

நெய்யாற்றின்கரையிலிருந்து களியக்காவிளை வரை சுமார் 13 கி.மீ. அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை, இஞ்சிவிளை என்று ஊருக்கு ஊர் ஒட்டிக்கொண்டே போகும் இந்தச் சாலைக்கு முன்பு தேசிய நெடுஞ்சாலை 47 என்று பெயர். இப்போது 66. நெய்யாற்றின்கரையின் கே.எல். 20, பாறசாலையின் கே.எல். 19, மார்த்தாண்டத்தின் டி.என். 75 என்று மூன்று எண்களும் ஒரே டீக்கடை வாசலில் வரிசையாக நிற்கும் இடம் இது. 1956 நவம்பர் 1ஆம் தேதி மாநிலங்கள் பிரிந்தபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு விழுந்தாலும் பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்தேதான் கிடக்கின்றன. இரண்டு பக்கத்து இளைஞர்களுக்கும் காரைப் பற்றிய கனவும் ஒன்றுதான். பத்து லட்சம் ரூபாய்க்குள் ஒரு ஹேட்ச்பேக் வேண்டும். அது அதைவிட மூன்று மடங்கு விலையுள்ள கார்போலப் பாய வேண்டும்.

அந்தக் கனவுக்குக் குறுக்கு வழியாகச் சொல்லப்படுவது எடைக் குறைப்பு. டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னியை எடு, பின் இருக்கையைக் கழற்று, தரைக்கம்பளத்தை உரி, கனத்த சக்கரத்துக்குப் பதில் லேசான சக்கரம் மாட்டு. டர்போவுக்கும் எஞ்சின் வேலைக்கும் லட்சக்கணக்கில் செலவாகும். இதற்கு ஒரு ஸ்பானரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். கேட்க இனிக்கிறது. உண்மையில் கிடைப்பது என்ன, அதற்குக் கொடுக்கும் விலை என்ன?

கிலோவும் குதிரையும்

கணக்கு எளிது. ஒரே உந்துவிசை, குறைந்த எடை என்றால் வேகம் கூடும் விகிதம் அதிகரிக்கும். நியூட்டனின் இரண்டாம் விதி பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. அதனால்தான் கார் விமர்சகர்கள் குதிரைத் திறனை மட்டும் பார்ப்பதில்லை. அதை எடையால் வகுத்து, ஒரு டன்னுக்கு எத்தனை குதிரை என்று பார்க்கிறார்கள்.

சூடான ஹேட்ச்பேக் என்ற இனத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. 1976இல் வந்த அந்தக் காரின் எஞ்சின் திறன் 110 குதிரைதான். ஆனால் எடை சுமார் 810 கிலோ. டன்னுக்கு 136 குதிரை. அன்றைக்கு அது பெரிய கார்களை வெட்கப்பட வைத்தது. பிரிட்டனில் லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கிய காலின் சாப்மன், எஞ்சினைப் பெரிதாக்குவதைவிட வண்டியை லேசாக்குவதே மேல் என்ற கொள்கையாலேயே பந்தய உலகில் பேர் வாங்கியவர். திறன் கூடினால் நேர்ச்சாலையில் மட்டும்தான் லாபம். எடை குறைந்தால் வளைவு, பிரேக், நேர்ச்சாலை எல்லாவற்றிலும் லாபம் என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

இந்தியாவிலும் இந்த ஒப்பீட்டுக்கு ஒரு நல்ல ஜோடி உண்டு. 2013இல் வந்த போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. காரின் திறன் 105 குதிரை. எடை சுமார் 1,100 கிலோ. 2017இல் மாருதி கொண்டுவந்த பலேனோ ஆர்.எஸ்.ஸின் திறன் 102 குதிரைதான். எடையோ 950 கிலோ. டன்னுக்குக் கணக்கிட்டால் போலோவுக்கு 95, பலேனோவுக்கு 107. திறன் குறைந்த கார் கணக்கில் முந்திவிடுகிறது. இரண்டு கார்களின் உற்பத்தியும் இப்போது நின்றுவிட்டது. பழைய கார் சந்தையில் தேடுவோர் இருக்கிறார்கள். ஜப்பானில் 2017இல் வந்த சுஸுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் இன்னும் ஒரு படி மேல். 140 குதிரை, 970 கிலோ, டன்னுக்கு 144. இந்திய ரசிகர்கள் ஏங்கியும் அது இங்கே விற்பனைக்கு வரவேயில்லை.

இனி, வீட்டு வாசலில் நிற்கும் சாதாரணக் காருக்கு வருவோம். எடை 900 கிலோ, திறன் 80 குதிரை, ஓட்டுபவர் 70 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 970. இதில் 50 கிலோவைக் கழித்தால் 920. எடைக்கேற்ற திறன் ஐந்து சதவீதம் சொச்சம் உயர்கிறது. எஞ்சினில் நான்கு குதிரை கூட்டியதற்கு இது சமம். நின்ற நிலையிலிருந்து 100 கி.மீ. வேகம் தொட 12 விநாடி எடுத்துக்கொண்ட கார் ஏறக்குறைய பதினொன்றரை விநாடியில் தொடும். அரை விநாடி லாபம். 70 கிலோ நண்பர் ஒருவரை வழியில் இறக்கிவிட்டாலே இதைவிட அதிக லாபம் கிடைக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

உச்ச வேகத்தில் இந்த லாபமும் இல்லை. வேகம் ஏற ஏறக் காரை இழுத்துப் பிடிப்பது காற்று. காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக உயர்கிறது. அங்கே காரின் உருவம்தான் பேசும். எடை அவ்வளவாகப் பேசாது. மணிக்கு 160 கி.மீ. போகும் கார் 50 கிலோ இளைத்தாலும் ஏறக்குறைய 160தான் போகும்.

எடை எங்கே ஒளிந்திருக்கிறது?

சிறிய காரில் கழற்றக்கூடிய எடை சில இடங்களில்தான் இருக்கிறது. ஸ்டெப்னியும் ஜாக்கியும் சேர்ந்து சுமார் 15 கிலோ. பின் இருக்கை 15 முதல் 25 கிலோ வரை. முன் இருக்கை ஒவ்வொன்றும் அதே அளவு இருக்கும். சத்தத்தை அடக்கத் தரையிலும் கதவிலும் ஒட்டியிருக்கும் தார் கலந்த தகடுகள், கம்பளம், மேல் உறை எல்லாம் சேர்ந்து சில கிலோ. ஈய பேட்டரிக்குப் பதில் லித்தியம் பேட்டரி வைத்தால் ஐந்தாறு கிலோ மிச்சம். விலையோ பல மடங்கு. ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ கனக்கும். 37 லிட்டர் தொட்டியை முழுக்க நிரப்பினால் 28 கிலோ. கால் தொட்டியோடு ஓடும் கார், நிரம்பிய தொட்டியோடு ஓடும் காரைவிட 21 கிலோ இளைத்தது. பந்தயக்காரர்கள் சுற்றுக்கணக்குப் பார்த்துப் பெட்ரோல் ஊற்றுவது இதனால்தான்.

சக்கரத்தின் கணக்கு தனி. அது காரோடு முன்னே போவது மட்டுமல்ல, சுழலவும் வேண்டும். சக்கரத்தின் விளிம்பில் ஒரு கிலோ குறைந்தால், வேகமெடுக்கும்போது காரின் உடலில் இரண்டு கிலோ குறைந்ததற்குச் சமம். தவிர, ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் எடை குறைந்தால் மேடுபள்ளத்தில் டயர் தரையை விடாமல் பிடிக்கும். ஆனால் பலர் செய்வது நேர் எதிர். தோற்றத்துக்காகப் பெரிய, அகலமான அலாய் சக்கரம் மாட்டுகிறார்கள். அலாய் என்ற பெயர் இருந்தாலே லேசு என்று அர்த்தமல்ல. இரண்டு அங்குலம் பெரிய அலாய் சக்கரம், கம்பெனி கொடுத்த இரும்புச் சக்கரத்தைவிடக் கனமாக இருப்பது சாதாரணம். காசு கொடுத்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் வழி அது.

மற்ற எடையெல்லாம் உடற்கூட்டில் இருக்கிறது. அதைக் குறைக்க உலோகத்தையே மாற்ற வேண்டும். ஒரு கன சென்டிமீட்டர் இரும்பு 7.8 கிராம், அலுமினியம் 2.7, கார்பன் ஃபைபர் சுமார் 1.6. கண்ணாடி 2.5 கிராம் என்றால், பந்தயக் கார்களில் அதற்குப் பதில் வைக்கும் பாலிகார்பனேட் அதில் பாதிதான். ஊர் ஒர்க்‌ஷாப்பில் செய்யக்கூடிய வேலையல்ல இது.

நிறுவனங்களே சாலைக் காரில் இதைச் செய்து காட்டியதுண்டு. 2008இல் ரெனோ நிறுவனம் மெகான் ஆர்26.ஆர். என்ற காரிலிருந்து 123 கிலோவைக் கழற்றியது. பின் இருக்கைகள் போயின. ரேடியோ போனது. பின் ஜன்னல்கள் பாலிகார்பனேட் ஆயின. பானெட் கார்பன் ஃபைபரானது. எஞ்சினின் 230 குதிரையை யாரும் தொடவில்லை. அந்தக் கார் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பாதையை 8 நிமிடம் 17 விநாடியில் சுற்றி, முன்சக்கர உந்துவிசைக் கார்களில் சாதனை படைத்தது. 2019இல் அதே நிறுவனம் மெகான் டிராஃபி ஆர். காரில் மறுபடியும் 130 கிலோவைக் குறைத்துப் புதிய சாதனை படைத்தது. இரண்டிலும் எண்ணிக்கை சில நூறு கார்கள்தான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், பிரேக் எல்லாம் புதிய எடைக்கேற்ப மீண்டும் அமைக்கப்பட்டன. அதன்பின் அரசு அனுமதி பெறப்பட்டது. ஸ்பானரால் கழற்றுவதற்கும் இதற்கும் உள்ள தூரம் மிகப் பெரியது.

கார் ஏன் குண்டானது?

1983 டிசம்பரில் வந்த மாருதி 800இன் எடை சுமார் 650 கிலோ. 796 சி.சி. எஞ்சின், நாற்பதைத் தொடாத குதிரைத் திறன். அம்பாசடரையும் பிரீமியர் பத்மினியையும் ஓட்டிப் பழகிய கைகளுக்கு அது பறப்பதுபோல் இருந்ததன் ரகசியம் இந்த எடைதான். பத்தாண்டு கழித்து 1993இல் 993 சி.சி. எஞ்சினும் 50 குதிரையுமாக ஜென் வந்தபோது, இந்தியாவுக்கு ஒரு சுறுசுறுப்பான ஹேட்ச்பேக் கிடைத்தது. ராலிகளிலும் அது ஓடியது.

பிறகு கார்கள் கனத்தன. ஏசி, பவர் ஸ்டீரிங், பவர் ஜன்னல் என்று வசதிகள் ஏறின. அவற்றைவிட முக்கியமாகப் பாதுகாப்பு ஏறியது. மோதல் சோதனை விதிகள் 2017 அக்டோபரில் புதிய மாடல்களுக்கும் 2019 அக்டோபரில் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாயின. 2019இல் ஏ.பி.எஸ். பிரேக்கும் ஓட்டுநர் ஏர்பேக்கும் வந்தன. 2021 ஏப்ரல் முதல் புதிய மாடல்களில் முன்வரிசையில் இரண்டு ஏர்பேக்குகள் கட்டாயமாயின. கதவுக்குள் இரும்புச் சட்டம், பம்பருக்குள் மோதலை வாங்கும் சட்டம், உறுதியான தூண்கள் எல்லாம் எடையைக் கூட்டின. எடையே பாதுகாப்பு என்றும் ஆகிவிடாது. மாருதியின் ஸ்விஃப்ட் 2005இல் வந்தபோது ஆயிரம் கிலோவைத் தாண்டியிருந்தது. 2018இல் வந்த மூன்றாவது தலைமுறை, உயர்வலு இரும்பால் 900 கிலோவுக்குள் வந்தது. கார் சுறுசுறுப்பானது, மைலேஜ் கூடியது. அதே ஆண்டு குளோபல் என்.கேப். அமைப்பின் மோதல் சோதனையில் அதற்கு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்தான் கிடைத்தது. ஒவ்வொரு கிலோவுக்கும் பொறியாளர் ஒரு காரணம் வைத்திருக்கிறார். வீட்டு முற்றத்தில் அதைக் கழற்றுபவருக்கு அந்தக் காரணம் தெரிவதில்லை.

பின்பக்கம் லேசானால்

பெரும்பாலான ஹேட்ச்பேக்குகளில் எஞ்சின், கியர்பாக்ஸ், உந்துவிசை எல்லாம் முன்னால். எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்துக்கு மேல் முன்சக்கரங்களில் நிற்கிறது. எளிதில் கழற்றக்கூடிய ஸ்டெப்னியும் பின் இருக்கையும் பின்சக்கரங்களின் மேல் இருக்கின்றன. 900 கிலோ காரில் முன்னால் 560, பின்னால் 340 என்று கொள்வோம். பின்னாலிருந்து 50 கிலோவை எடுத்தால் மிஞ்சுவது 290. முன்சக்கரங்களின் பங்கு 62 சதவீதத்திலிருந்து 66ஆக ஏறுகிறது.

பிரேக் போடும்போது கார் முன்னால் குனியும். இருக்கிற எடையும் முன்னால் ஓடும். ஏற்கெனவே லேசான பின்சக்கரங்கள் தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். வளைவுக்குள் நுழைந்த பிறகு பயந்து ஆக்ஸிலேட்டரை விட்டால், காரின் வால் வெளியே சுழலும். கம்பெனி கொடுத்த பின் ஸ்பிரிங் பழைய எடைக்காகச் செய்யப்பட்டது. எடை குறைந்ததும் அது காரைத் தூக்கி நிறுத்தும், பள்ளத்தில் துள்ளும். ஏ.பி.எஸ். இல்லாத பழைய கார்களில் முன் பின் பிரேக் அழுத்தத்தைப் பங்கிடும் வால்வும் பழைய எடைக்கே அமைக்கப்பட்டது. உலர்ந்த சாலையில் இதெல்லாம் தெரியாமல் போகலாம். ஜூனில் தென்மேற்கும் அக்டோபரில் வடகிழக்கும் கொட்டித் தீர்க்கும் நெய்யாற்றின்கரைப் பகுதியில், ஈரத் தாரில் தெரியும்.

பெரும்பாலான சிறிய கார்களில் பெட்ரோல் தொட்டி பின் இருக்கைக்குக் கீழே இருக்கிறது என்பது இன்னொரு விஷயம். முன் இருக்கையைக் கழற்றினால் சீட்பெல்ட், பக்கவாட்டு ஏர்பேக், அவற்றின் உணர்கருவிகள் எல்லாம் குழம்பும். மோதலில் எந்த ஏர்பேக் விரியும், எது விரியாது என்று சொல்ல முடியாது. பந்தயக் காரில் இருக்கைகளைக் கழற்றுகிறார்கள் என்பது உண்மை. பிறகு அதில் 30, 40 கிலோ எடையுள்ள இரும்புக்கூண்டைப் பற்றவைக்கிறார்கள் என்பதும் உண்மை. ஓட்டுபவர் தீ தாங்கும் உடையும் தலைக்கவசமும் பலமுனை பெல்ட்டும் அணிகிறார். முதல் பாதியை மட்டும் நகலெடுப்பவர்கள்தான் ஆபத்தில் சிக்குகிறார்கள்.

பந்தய உலகமே ஒரு முறை எல்லை மீறிப் பாடம் கற்றது. 1980களில் உலக ராலியின் குரூப் பி பிரிவில் எடைக் குறைப்பு வெறியாக மாறியது. ஹேட்ச்பேக் உருவத்தில், கெவ்லாரும் ஃபைபரும் போர்த்திய கார்கள் 900 கிலோவுக்குள் வந்தன. திறனோ 450 குதிரையைத் தாண்டியது. 1986 மே 2ஆம் தேதி பிரான்ஸின் கோர்சிகா ராலியில் லான்சியா டெல்டா எஸ்4 கார் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. ஹென்றி டொய்வோனனும் துணை ஓட்டுநர் செர்ஜியோ கிரெஸ்டோவும் இறந்தார்கள். அந்த ஆண்டோடு குரூப் பி முடிவுக்கு வந்தது. இன்று ராலி 2 பிரிவு கார்கள் 1,230 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று விதி இருக்கிறது. வேகத்துக்காகவே வாழும் விளையாட்டு, தனக்குத்தானே குறைந்தபட்ச எடை விதித்துக்கொண்டிருக்கிறது.

கேரளத்து வழக்கு, நாட்டுக்கே தீர்ப்பு

ஆர்.சி. புத்தகத்தைப் பிரித்தால் காரின் நிறம், சி.சி., வீல்பேஸ், இருக்கைகளின் எண்ணிக்கை ஆகியவற்றோடு ஏற்றமில்லா எடை என்றும் ஒரு கட்டம் இருக்கும். பலர் அதைப் படிப்பதே இல்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதற்கும் பதிவுச் சான்றில் உள்ளதற்கும் முரண் ஏற்படும்படி உரிமையாளர் வாகனத்தை மாற்றக் கூடாது. எரிவாயுக்கு மாற்றுவது, மாற்றுத் திறனாளிக்கேற்ப அமைப்பது, அதே வகை எஞ்சினை அனுமதி பெற்றுப் பொருத்துவது போன்றவற்றுக்குத்தான் வழி உண்டு.

இந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் இறுக்கிப் பிடித்தது ஒரு கேரளத்து வழக்கில்தான். கேரள விதிகளைக் காட்டி, வாகனத்தின் அமைப்பை மாற்றலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் கூறியிருந்தது. வட்டாரப் போக்குவரத்து அதிகாரி மேல்முறையீடு செய்தார். 2019 ஜனவரி 9ஆம் தேதி நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்தது. மாநில விதி மத்தியச் சட்டத்தை மீற முடியாது, தயாரிப்பாளரின் மூல வடிவுக்கு முரணான மாற்றம் கூடாது என்றது. அதே ஆண்டு திருத்தப்பட்ட சட்டத்தின் 182ஏ பிரிவு தண்டனையையும் எழுதியது: ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பின் இருக்கைக்கு ஒன்று, சைலன்சருக்கு ஒன்று என்று கூட்டிப் பார்த்தால் அரை விநாடியின் விலை தெரியும்.

எல்லையோரத்தில் ஒரு நினைப்புக்கு இடமிருக்கிறது. கெடுபிடி கேரளத்தில்தான், டி.என். எண் இருந்தால் தப்பிக்கலாம் என்பது அது. கேரளத்தின் கெடுபிடி உண்மை. 2021இல் கண்ணாடி ஒட்டுத்தாளுக்கு எதிராகவும் 2022இல் சைலன்சருக்கும் சாலைப் பந்தயத்துக்கும் எதிராகவும் மோட்டார் வாகனத் துறை தனித்தனி வேட்டைகள் நடத்தியது. 2023 ஜூனில் மாநிலமெங்கும் 726 கேமராக்களை இயக்கத் தொடங்கியது. 2024 மே மாதம் ஆலப்புழையில் ஒரு யூடியூபர் காரின் பின் இருக்கைகளைக் கழற்றி, தார்ப்பாய் விரித்து, தண்ணீர் நிரப்பி நீச்சல் குளமாக்கிச் சாலையில் ஓட்டினார். தண்ணீர் கசிந்து ஏர்பேக் வெடித்ததில் விஷயம் வெளியே வந்தது. துறை நடவடிக்கையோடு நிற்காமல், உயர் நீதிமன்றம்வரை போனது.

ஆனால் 52ஆவது பிரிவு மத்தியச் சட்டம். இஞ்சிவிளையில் எது குற்றமோ அது களியக்காவிளையிலும் குற்றம். டி.என். எண்ணோடு கேரளத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்து ஓட்டினால் கே.எல். எண்ணுக்கு மாற்ற வேண்டும் என்பது 47ஆவது பிரிவு. அப்போது அதிகாரி வண்டியையும் புத்தகத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். 15 ஆண்டு கழித்துப் பதிவைப் புதுப்பிக்கும்போதும் அதே ஒப்பீடு. ஐந்து இருக்கை என்று எழுதிய காரில் இரண்டுதான் இருந்தால் பதில் சொல்லியாக வேண்டும். விபத்து நடந்தாலோ, சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடமிருக்கிறது. வங்கிக் கடனில் வாங்கிய கார் என்றால் குடும்பமே அந்தச் சுமையைச் சுமக்கும்.

சாலை என்ன சொல்கிறது?

அரை விநாடியைச் செலவழிக்க இந்தப் பகுதியில் இடமும் குறைவு. நெய்யாற்றின்கரைக்கும் களியக்காவிளைக்கும் இடையே பழைய நெடுஞ்சாலை குறுகியது. வளைவும் சந்திப்பும் நிறைந்தது. கடைவாசல் நேராகத் தாரில் இறங்குகிறது. கேரளத்தின் கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ், தமிழ்நாட்டு அரசு பஸ், கல்லும் மணலும் ஏற்றிய டிப்பர், பள்ளிப் பிள்ளைகள், ஆட்டோ எல்லாம் ஒரே பாதையில். எவ்வளவு லேசான காராக இருந்தாலும் 13 கி.மீ. தூரத்துக்கு இருபது நிமிடத்துக்குக் குறையாது.

கழக்கூட்டத்திலிருந்து காரோடு வரை போடப்பட்ட நான்குவழிப் புறவழிச்சாலை வேறு மாதிரி. முக்கோலையிலிருந்து காரோடு வரையிலான பகுதி கான்கிரீட். நேரான, அகன்ற, இரவில் வெறிச்சோடும் சாலை வேகத்துக்கு ஆசை காட்டும். 2023 ஜூலையில் கேரளம் நான்குவழித் தேசிய நெடுஞ்சாலையில் கார்களுக்கு வைத்த உச்சவரம்பு 100 கி.மீ. அந்த வேகத்தைச் சாதாரண மாடலே சிரமமின்றித் தொடும். சாலையில் பந்தயம் ஓட்டினால் 189ஆவது பிரிவின்படி முதல் முறை மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம். மறுமுறை ஓராண்டு, 10,000. மத்திய அரசின் கணக்குப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 71 சதவீதம் பேரின் சாவுக்கு அதிவேகமே காரணம் என்று பதிவாகியிருக்கிறது.

கோவை காட்டிய வழி

வேக ஆசை பிழையல்ல. அதற்கு ஒரு களம் வேண்டும் என்பதை நிரூபித்த ஊர் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன் 1988இல் மாருதி எஞ்சினை எடுத்து, அதைச் சுற்றி ஒற்றை இருக்கைப் பந்தயக் காரைக் கட்டினார். பெயர் ஃபார்முலா மாருதி. மாருதி 800இன் கதவு, கூரை, பின் இருக்கை, டிக்கி எதுவும் அதில் இல்லை. அதே சிறிய எஞ்சின், இளைத்த உடம்பில் வேறு மிருகமானது. எடைக் குறைப்பின் சூத்திரத்தை இந்தியாவில் இவ்வளவு மலிவாகவும் ஒழுங்காகவும் செய்து காட்டியவர் அவரே. சோழவரம் விமான ஓடுபாதையிலும், 1990இல் திறந்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலும் ஓடித் தேர்ந்த தலைமுறைக்கு அவர் ஆசான். 1995இல் விமான விபத்தில் அவர் இறந்தார். ஃபார்முலா மாருதியில் பந்தய வாழ்க்கையைத் தொடங்கிய கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன், 2005இல் ஃபார்முலா ஒன்றில் ஓடிய முதல் இந்தியரானார். செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயத் தடம் கரியின் பெயரையே தாங்குகிறது.

பாறசாலையிலிருந்து கோவை சுமார் 400 கி.மீ. தூரம்தான், ஆனால் எண்ணத்தில் அது இன்னும் தூரமாக இருக்கிறது. தடத்தில் ஓடும் காருக்கு இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பு பிரிவுவாரியாக விதி வகுக்கிறது. எதைக் கழற்றலாம், எதைக் கழற்றக் கூடாது, கூண்டு எப்படி இருக்க வேண்டும், எடை எவ்வளவுக்குக் குறையக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறது. முழுக்க மாற்றிய கார் டிரெய்லரில் ஏறித் தடத்துக்குப் போகிறது. சாலையில் ஓடுவதில்லை. ஓட்டுபவர் உரிமம் வாங்கியிருக்கிறார். பக்கத்தில் ஆம்புலன்ஸ் நிற்கிறது. செலவு உண்டு, உண்மைதான். அதனால் கோவை, சென்னையோடு நிற்காமல் தென்கோடியிலும் சிறிய அளவிலாவது இப்படி ஒரு களம் வேண்டும் என்ற கேள்வி நியாயமானது.

சாலையில் ஓடும் காருக்கும் சட்டத்துக்கு உட்பட்ட இளைப்பு உண்டு. டிக்கியில் மாதக்கணக்கில் கிடக்கும் மூட்டை, கருவிப்பெட்டி, தண்ணீர் கேன்களை இறக்கலாம். கூரையில் சும்மா நிற்கும் கேரியரைக் கழற்றினால் எடையோடு காற்றின் தடையும் குறையும். டயர் மாற்றும்போது, அந்த மாடலுக்குத் தயாரிப்பாளர் அனுமதித்த அளவுக்குள் லேசான சக்கரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஸ்டெப்னி விஷயத்தில் அரசே இறங்கி வந்திருக்கிறது. டியூப்லெஸ் டயர், காற்றழுத்தத்தைக் காட்டும் கருவி, பஞ்சர் ஒட்டும் பெட்டி மூன்றும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020 ஜூலையில் விதியைத் திருத்தியது. மூன்றில் ஒன்று இல்லாமல் ஸ்டெப்னியை இறக்கினால், நள்ளிரவில் ஏதாவது ஒரு வளைவில் அதன் அருமை புரியும்.

புதிய கார் வாங்குபவருக்கு இன்னும் எளிய வழி உண்டு. விலைப்பட்டியலில் குதிரைத் திறனைப் பார்க்கும் கண், அதற்குப் பக்கத்தில் எடையையும், மோதல் சோதனை நட்சத்திரத்தையும் பார்த்தால் போதும். திறனை எடையால் வகுப்பதற்கு மெக்கானிக் வேண்டாம், கைபேசியில் இருக்கும் கால்குலேட்டர் போதும். லேசாகவும் உறுதியாகவும் ஒரு காரைச் செய்வது தயாரிப்பாளரின் வேலை. அந்த வேலை முடிந்து ஷோரூமுக்கு வந்த காரிலிருந்து கழற்றி வைக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும், பக்கத்து இருக்கையில் உட்காரும் தம்பியும் எதிரே வரும் ஆட்டோக்காரரும் சேர்ந்தே கணக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது.